அண்டிரிக் அடிகளார்

பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள இவ்வூரின் அண்மையிலேதான் பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கை உள்ளது. மார்க்கோ போலோ என்னும் வெனிசு நாட்டு வணிகர் கண்டு வியந்த காயல் துறைமுகமும் இப்பகுதியிலேயே இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. கொற்கையும் காயலும் துறைமுகம் என்னும் பெருமையை இழந்தன. பதினாறாம் நூற்றாண்டில் புன்னைக்காயல் அப்பெருமையைப் பெற்றிருந்தது. போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் தமக்குத் தலைமையிடமாக இவ்வூரையே கொண்டிருந்தனர்.

இக்கரையில் வாழ்ந்த பரதவர் கடலை நம்பி வாழ்ந்தவர். இளவேனிற் காலத்தில் கடல் அமைதியுற்றதும் முத்துச் சலாபம் தொடங்கும். தோணிகள் விடியுமுன் புறப்பட்டு, முத்துச்சிப்பி விளையும் பார்களை அடையும். குளிப்பவர் கனத்த கல்லொன்றில் கால் பதித்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்குவர். மூச்சு அடங்கியிருக்கும் அந்தச் சிறு பொழுதிற்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பர். தோணியில் இருப்பவர் அக்குறிப்பை உணர்ந்து உடனே இழுத்தல் வேண்டும். சொல்லின்றியே ஒருவரையொருவர் உணர்ந்துகொள்ளும் தொழில் அது. ஆயின், இம்மக்களிடையே தொண்டு செய்ய வந்த மேலைநாட்டினர்க்கு அத்தகைய குறிப்பு எதுவும் துணை செய்யவில்லை. மொழி தெரியாமையே அவர்களுக்குப் பெருந்தடையாய் நின்றது.

1542ஆம் ஆண்டில் இங்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்ச்சுகீசியமும் அறிந்த சிலரைக் கொண்டு வேண்டுதல்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். அம்மொழிபெயர்ப்பில் நம்புகிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்னும் சொல் நின்றது. 1544ஆம் ஆண்டில் அவர் அப்பிழையைக் கண்டு திருத்த நேர்ந்தது. அதுவரை மக்கள் பொருளறியாது அச்சொல்லையே ஓதி வந்தனர். மொழியை முறையாகக் கற்ற ஒருவர் இத்துறைக்கு எத்துணை இன்றியமையாதவர் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

அத்தகைய ஒருவராய் அமைந்தவரே அண்டிரிக் அடிகளார். என்ரீக்கு என்ரீக்கசு என்பது அவருடைய இயற்பெயர். போர்ச்சுகல் நாட்டிலுள்ள விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத குலத்தைச் சார்ந்தவர்கள். பிரான்சிசுக துறவியர் சபையில் சேர்ந்த அவர், அக்குலப் பிறப்பின் காரணமாகவே அங்கிருந்து விலக்கப்பட்டார். குலத்தைக் கொண்டு ஒருவரை மதிப்பிடும் குறை எந்நாட்டிலும் இருந்ததுதான் போலும்! அவர் மனம் தளரவில்லை. கோயிம்பிரா நகரில் சமயச் சட்டம் பயின்றார். 1545ஆம் ஆண்டில் அங்கேயே இயேசு சபையில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு கப்பலேறிக் கோவாவை அடைந்தார். 1547ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுகள், தம் வாழ்நாளின் இறுதிவரை, தமிழ் மக்களோடு அவர் உறவு நீடித்தது.

தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி அவரால் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. தமிழின் ஒலிகளும் வினைச்சொற்களின் விகற்பங்களும் அவரை மலைக்கச் செய்தன. கற்பதற்கு அகராதி இல்லை. அயல்நாட்டார்க்கென எழுதிய இலக்கண நூலும் இல்லை. எனவே அவர் தமக்கு வேண்டிய இலக்கணத்தைத் தாமே வகுத்துக்கொள்ள முற்பட்டார். இலத்தீன் இலக்கணம் கற்ற அறிவைக் கருவியாகக் கொண்டு, இறந்தகாலம், எதிர்காலம், ஏவல் என ஒவ்வொரு வடிவத்தையும் மக்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார். சில திங்களிலேயே மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. அவருடைய குறிப்புகள் ஓர் இலக்கண நூலாக உருப்பெற்றன. அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப் படி லிசுபன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றது. 2013ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. நன்னூலார் வகுத்த செந்தமிழ் நெறியை அந்நூலில் காண இயலாது. கடற்கரை மக்கள் அன்று வீட்டிலும் தோணியிலும் பேசிய தமிழே அதில் பதிவாகியுள்ளது. புலவர்கள் எழுதி வைக்காத அப்பேச்சுமொழி ஓர் அயல்நாட்டாரின் ஏட்டில் பிழைத்திருப்பது வியப்பிற்குரியது.

1549ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். தலைமைப் பொறுப்பு அடிகளார்மேல் வந்தது. புன்னைக்காயலில் ஏழை நோயாளர்க்கென ஒரு மருத்துவமனையை அவர் நிறுவினார்; பரதவ மக்கள் அதற்குப் பொருள் வழங்கினர். அமைதி நிலைக்கவில்லை. 1553ஆம் ஆண்டில் பகைவர் புன்னைக்காயலைத் தாக்கிக் கைப்பற்றினர். அடிகளாரும் சிறைப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டார். விடுதலை பெற்றபின் தாய்நாட்டிற்குத் திரும்ப அவர் எண்ணவில்லை.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய அச்சுப் பணியைக் காண்போம். அக்காலத் தமிழ்நாட்டில் நூல் என்பது பனையோலைச் சுவடியே. ஒரு நூலுக்கு மறுபடி வேண்டுமாயின், எழுத்தாணி கொண்டு மீண்டும் முதலிலிருந்து கீறுதல் வேண்டும். ஊர்தோறும் ஒரு படி அளிக்க எண்ணினால் எழுதுவோர் பலர் வேண்டும். எழுதுவோர் பலரானால் பிழையும் பலவாகும். 1554ஆம் ஆண்டில் லிசுபன் நகரில் தமிழ் நூலொன்று அச்சாயிற்று. அங்குச் சென்றிருந்த மூவர் அதனை ஆக்கினர். அந்நூலின் மொழி தமிழேயாயினும் எழுத்து ரோமானிய எழுத்து. ஆதலின் முத்துக்குளித்துறைச் சிறுவர் அதனை எடுத்துப் படிக்க இயலாது.

1556ஆம் ஆண்டில் ஓர் அச்சுப்பொறி கோவாவிற்கு வந்தது. அபிசீனிய நாட்டிற்கென அனுப்பப்பட்ட அப்பொறி, இடையில் நேர்ந்த தடைகளால் கோவாவிலேயே தங்கிவிட்டது. இந்தியாவில் அச்சுத்தொழில் தொடங்கியது இவ்வாறு ஒரு தற்செயலினாலேயாம். பொறி இருந்தது, தமிழ் எழுத்துத்தான் இல்லை.

இக்குறையின் பெருமையை இக்கால மாணவர் எளிதில் உணர்வதற்கு ஓர் ஒப்புமை கூறலாம். ஒரு வீட்டில் மேசைக் கணினியை அமைப்பவர் முதலில் என்ன செய்கின்றார்? கணிப்பெட்டியோடு திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் இணைக்கின்றார். மின்னோட்டம் தந்து இயக்குகின்றார். ஆயினும் அமைப்புப் பகுதியுள் சென்று தமிழ் விசைமுறையைத் தேர்ந்துகொள்ளும்வரை அக்கணினியில் அவர் தமிழை எழுத முடிவதில்லை. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைமுறையில் உயிர் பன்னிரண்டிற்கும் மெய் பதினெட்டிற்கும் விசைகள் உள்ளன. ககர விசையை அழுத்தி ஆகார விசையை அழுத்தினால் கா என்னும் எழுத்துத் தானே திரையில் தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கண விதியைப் பொறியே அறிந்திருக்கின்றது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் ஏறத்தாழ முப்பது விசைகளுள் அடங்கிவிடுகின்றன.

ஈய அச்சு இத்தகைய விதி எதனையும் அறியாது. கு, சு, டு, து, நு எனும் எழுத்துகளை நோக்குக. உகரம் ஒன்றேயாயினும் அது மெய்யோடு சேருங்கால் வடிவம் வெவ்வேறாகின்றது. ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அச்சு வேண்டும். இவ்வாறே கணக்கிட்டால் தமிழுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகள் தேவைப்படும். ஓர் அச்சைச் செய்வதற்கு, எழுத்தின் வடிவத்தை எஃகுக் கோலின் நுனியில் இடவலம் மாற்றிச் செதுக்குவர். அதனைச் செம்பில் அடித்துப் பள்ளமான கருவை உண்டாக்குவர். அக்கருவை வார்ப்பில் பொருத்தி உருக்கிய ஈயத்தை ஊற்றுவர். செதுக்குபவர் தமிழ் அறியாதவராயின் ஒரு சுழியோ கொம்போ பிழைபட்டு, எழுத்தே வேறாகிவிடும். எழுத்து வார்த்த பின்னரும் பணி முடிவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து வரியாகக் கோத்து, மை தடவி, ஈரத் தாளை மேல் வைத்து, மரப்பொறியின் திருகைச் சுழற்றி அழுத்துதல் வேண்டும்.

இயேசு சபையைச் சார்ந்த யோவான் கொன்சால்வசு என்னும் கைவினைஞர் 1577ஆம் ஆண்டில் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவை போதிய அழகுடன் அமையவில்லை. மறு ஆண்டு, கொல்லத்தில் யோவான் த பாரியா என்பவர் வேறு எழுத்துகளை உருவாக்கினார். இப்பணிக்கு வேண்டிய பொருளை முத்துக்குளித்துறை மக்களே உவந்து அளித்தனர். கடலடியில் மூச்சடக்கி ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு தமிழ் எழுத்தாக மாறியது.

1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள், தம்பிரான் வணக்கம் என்னும் நூல் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. அடிகளார், மனுவேல் தெ சான் பேத்ரோ என்பவர் துணையுடன் அதனைத் தமிழாக்கியிருந்தார். பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. எனினும், இந்திய மொழி ஒன்றன் எழுத்திலே இந்திய மண்ணில் முதன்முதல் அச்சிடப்பெற்ற நூல் என்னும் சிறப்பு அதற்கே உரியது. கோவாவில் வார்த்த எழுத்தையும் கொல்லத்தில் வார்த்த எழுத்தையும் நூலின் கடைசிப் பக்கத்தில் அடுத்தடுத்து அச்சிட்டுள்ளனர். முதல் முயற்சியை மறைக்காது, திருந்திய முயற்சியோடு சேர்த்துக் காட்டிய அவர்தம் நேர்மை பாராட்டத்தக்கது. அடிகளாருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு.

அடுத்த ஆண்டு நவம்பரில் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. வினாவும் விடையுமாக அமைந்த அந்நூல் நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. 1580ஆம் ஆண்டில் கொம்பெசியொனாயரு என்னும் மூன்றாம் நூல் அச்சாயிற்று. நூற்பெயரே காட்டுவதுபோல, போர்ச்சுகீசியச் சொற்கள் பல இந்நூல்களில் தமிழுருப் பெற்று நிற்கின்றன. இக்காலத்தார்க்கு அவை கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும் மேசை, அலமாரி, சன்னல், சாவி முதலிய சொற்களும் அம்மொழியிலிருந்தே வந்து நம் இல்லங்களில் குடிபுகுந்தன என்பதை மறத்தலாகாது.

இந்நூல்களைப் பார்ப்போர் ஒரு புதுமையைக் காண்பர். மெய்யெழுத்துகளின்மேல் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். இவை அச்சிட்டோரின் அறியாமையால் நேர்ந்தவை அல்ல. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர் வழக்கத்தை அச்சும் அப்படியே பின்பற்றியது. நெடிலைக் குறிலினின்று பிரித்துக் காட்டும் வடிவத் திருத்தத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தார். இன்றைய கணினிகள் கையாளும் ஒருங்குறி முறையில் புள்ளிக்கென்றே தனி எண் ஒன்று உண்டு. அண்டிரிக் அடிகளாரின் அச்சுப் பெட்டியில் இடம்பெறாத புள்ளி, கணினியில் தனியிடம் பெற்றுவிட்டது.

1586ஆம் ஆண்டில் அடியார் வரலாறு என்னும் பெருநூல் வெளிவந்தது. அறுநூற்று அறுபத்தொன்பது பக்கங்கள் கொண்டது அது. அதனை அச்சிட்ட இடம் புன்னைக்காயலே என்று அறிஞர் பலர் கருதுவர். ஓலையும் எழுத்தாணியும் தவிர வேறறியாத கரையிலே, அறுபத்தாறு வயது முதியவர் ஒருவர் இத்துணைப் பெரிய நூலை அச்சேற்றினார். செய்யுளே கோலோச்சிய அக்காலத்தில், எளிய மக்கள் கேட்டு உணரத்தக்க உரைநடையில் அதனை அவர் எழுதினார். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்நூலைக் கடந்து செல்ல முடியாது.

1600ஆம் ஆண்டில் அடிகளார் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவர் உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்தனர்.

அவருக்குப்பின் தமிழ் அச்சு நெடுங்காலம் தளர்ந்தே கிடந்தது. 1679ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில் தமிழ் போர்ச்சுகீசிய அகராதி ஒன்று வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்த பின்னரே தமிழ் நூல்கள் தொடர்ந்து அச்சேறலாயின. அடிகளாரின் நூல்களோ தமிழ்நாட்டில் ஒரு படியேனும் எஞ்சாமல் மறைந்தன. கடற்காற்றும் கறையானும் அவற்றை விட்டுவைக்கவில்லை போலும். தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கொம்பெசியொனாயரு ஆக்சுபோர்டிலும், அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்திலும் கண்டறியப்பட்டன.

முத்துக்குளித்துறையில் 1961ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் ஓய்ந்தது. ஆறாண்டுகளுக்குப் பின், 1967இல், வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகளார் மீண்டும் பதிப்பித்தார். அப்பதிப்பு வெளிவந்த ஊர் தூத்துக்குடி.