வீட்டுக் கல்வியில் வளர்ந்த கவியரசர்

வங்கக் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றமையை யாவரும் அறிவர். பள்ளிக்கூடத்தில் நிலைத்திராத அப்பிள்ளை வீட்டிலே எவ்வாறு கற்றது என்பதையே நாம் ஈண்டு சொல்லப் புகுந்தோம்.

1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி, கல்கத்தாவில் ஜொராசாங்கோ இல்லத்தில், மகரிஷி தேவேந்திரநாதருக்கு மகனாய் அவர் பிறந்தார். தமையனார் ஹேமேந்திரநாதர் பிள்ளைகளின் கல்வியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். விடியுமுன் மற்போர்ப் பயிற்சி. பின்னர் கணிதமும் இலக்கியமும். மாலையிலே சித்திரமும் தேகப்பயிற்சியும். இரவிலே விளக்கடியில் ஆங்கிலம். எலும்புகளின் பெயர்களைக் கற்பிக்க ஓர் எலும்புக்கூடும் சுவரிலே தொங்கியது. பாடங்களை வங்காளியிலே படிப்பித்த தமையனாரின் நன்னோக்கத்தை நாம் குறைகூறோம். ஆயினும் பிள்ளைக்கென ஒரு நாழிகையேனும் ஒழியாத வீடும் ஒரு சிறைக்கூடமன்றோ? ஆங்கில ஆசிரியர் மழைநாளிலும் தவறாது குடையோடு வந்து சேர்வதைக் கண்டு சிறுவர் மனஞ்சோர்ந்தார்.

1873இல் உபநயனம் முடிந்தபின், தந்தையார் அவரைத் தம்முடன் போல்பூருக்கும் அமிர்தசரசுக்கும் இமயமலைச் சாரலிலுள்ள டல்ஹவுசிக்கும் அழைத்துச் சென்றார். போல்பூர் வெளியிலே சிறுவர் பொறுக்கிவந்த கூழாங்கற்களைப் பிதா வியந்து நோக்கி, ஒரு மேட்டை அவற்றால் அலங்கரிக்கச் சொன்னார். தம் பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்புவித்தார். பிள்ளையின் ஊக்கம் மிகுந்து கடிகாரம் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்குப் போயிற்று! செலவுக் கணக்கும் பிள்ளையிடமே. ஒருநாள் இருப்புப் பணம் கணக்கிலும் மிகுந்திருக்கக் கண்டு தந்தையார் நகைத்தார். மலையிலே சூரியோதயத்துக்கு முன் சமஸ்கிருதம். இரவிலே வானத்து விண்மீன்களைக் காட்டி வானசாஸ்திரம். நடுவிலே கோலூன்றிச் சிறுவர் தனியே மலையேறித் திரிவார், தந்தையார் தடுத்ததில்லை.

திரும்பியபின் பள்ளிக்கூடம் இன்னும் கசந்தது. வீட்டாசிரியர் ஞானசந்திர பட்டாச்சாரியர், வழக்கமான பாடங்களில் இவரை இழுக்கமுடியாதெனத் தெளிந்து, காளிதாசரின் குமாரசம்பவத்தையும் ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தையும் கையிலெடுத்தார். மாக்பெத்தின் ஒரு பகுதியை விளக்கி, அது வங்காளிச் செய்யுளாகும் வரை மாணவரை அறையிலே பூட்டிவைப்பாராம். அக்கதவு அடைப்பை மட்டும் நாம் மெச்சோம். பிள்ளையின் நாட்டம் எங்கே என்று கண்டறிந்தமையை மெச்சுகிறோம். இன்னொரு தமையனார் ஜோதிரிந்திரநாதர் பியானோவிலே புதுமெட்டுக்களை எழுப்ப, தம்பியார் அவற்றுக்குச் சொற்கள் அமைப்பார். அப்பழக்கத்தின் பயனாக 1881இல் வால்மீகி பிரதிபா என்னும் இசைநாடகம் அரங்கேறிற்று.

தாம் தந்தையானபோது, ஷிலைதாவிலே தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி வைத்தார். அங்கே ஆங்கிலம் கற்பித்தவர் பட்டுப்புழு வளர்ப்பிலே பித்துக்கொண்டவர்; அதற்கும் அவ்வீட்டில் இடமிருந்தது. மூத்த மகன் ரதீந்திரநாதர் பின்னர் அமெரிக்கா சென்று விவசாயம் கற்றார். 1901 டிசம்பரில் சாந்திநிகேதனத்திலே ஐந்து மாணவருடன் தொடங்கிய பள்ளியின் முதல் மாணாக்கருள் அவரும் ஒருவர். அப்பள்ளியை முன்மாதிரியாய்க் கொண்டு எமது நாட்டில் ஹொரணையில் எழுந்த ஸ்ரீபாலிக்கு, 1934இல் கவியரசரே வந்து அடிக்கல் நாட்டினார்.