கல்லை அளந்த ஆளுநர்

போரிடாத போர்க்கருவிகள் உண்டா? உண்டு என்கிறது சீனத்தின் தொன்மை வரலாறு! ஜேடு என்னும் கல்லால் ஆன கோடரிகளும் குத்துவாள்களும் அந்நாட்டுப் பழங்கல்லறைகளில் கிடைத்துள்ளன. எஃகுக் கத்தியாலும் எளிதில் கீற முடியாத கல் அது. உளி கொண்டு செதுக்க இயலாது. மணலும் நீரும் இட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருக்கொடுக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எவர் போர்க்களத்தில் வீசி உடைப்பார்? ஆட்சிக்கும் சடங்கிற்கும் அடையாளமாகவே அவை விளங்கின.

அத்தகைய கற்களைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்த வூ தாசெங் என்பாரின் வாழ்வையே இங்குச் சொல்ல விழைகின்றேன்.

அவர் 1835இல் சூஜோ வட்டாரத்தில் பிறந்தார். 1868இல் பேரரசின் மிக உயர்ந்த தேர்வில் வென்று அரசுப் பணி ஏற்றார். 1886இல் ரஷியாவுடன் எல்லைப் பேச்சு நடத்தினார். 1892இல் ஹூனான் மாநில ஆளுநரானார். இத்தனை அலுவல்களுக்கிடையே பழைய வெண்கலங்களையும் ஜேடுகளையும் சேர்த்தார். 1889இல் பழைய ஜேடுகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார்.

செல்வர் பலர் சேர்த்துப் பூட்டி வைத்தனர், இவரோ அளந்தார்! ஜௌ மன்னர்காலச் சடங்குகளைக் கூறும் பழநூல், அரசன் ஏந்தும் ஜேடுப் பலகையின் நீளம் ஓர் அடி இரண்டு அங்குலம் என்கிறது. சீன அடிக்குப் பத்து அங்குலம். தம்மிடமிருந்த பலகை ஒன்றை அதுவே எனக் கொண்டார். அதன் நீளத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து, அக்கால அங்குலத்தையும் அடியையும் கணக்கிட்டார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இது பெருவியப்பு!

ஆயினும், அப்பலகைதான் நூலில் கூறப்பட்ட பலகை என்பதற்குச் சான்று எங்கே? நூல் சொன்ன பெயருக்குக் கல்லைத் தேடிப் பொருத்தினார் அவர். விளிம்பில் பல்வெட்டுகள் உள்ள வட்டத்தகட்டை, பழநூலில் வரும் வான்நோக்குக் கருவி என்றார். ஷியா நாய் என்ற சீனத் தொல்லியலறிஞர் 1980களில் அதனை மறுத்தார்.

1895இல் ஜப்பானுடன் நடந்த போரில் வூ படை நடத்தித் தோற்றார். பழந்தளபதி ஒருவரின் முத்திரை கிடைத்ததை நற்குறியாக நம்பிக் களம் புகுந்தார் என்றொரு கதை வழங்கியது. பதவி பறிபோயிற்று. 1902இல் மறைந்தார்.

அவர் உழைப்பு மறையவில்லை. 1912இல் சிகாகோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெர்த்தோல்ட் லாஃபர் ஜேடு பற்றி எழுதிய பெருநூலுக்கு வூவின் நூல் துணைநின்றது. 1976இல் ஆன்யாங்கில், படை நடத்திய அரசி ஃபூ ஹாவின் கல்லறை கொள்ளைபோகாமல் கிடைத்தது. அதில் 755 ஜேடுப் பொருள்கள்! கிடந்த இடமும் உடனிருந்தவையும் தெரிந்தபின், கல்லே தன் கதையைச் சொல்லத் தொடங்கியது.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் பிள்ளை நான். அச்சேறியதெல்லாம் உண்மை என்றே வளர்ந்தவன். சென்ற பருவத்தில் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த அளவு பாடநூல் விடையோடு ஒத்துவரவில்லை. பயந்து, பதிவேட்டில் அளவை மாற்றி எழுதினேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் என் தந்தையார் கொத்தனார். தூக்குக்குண்டு கோணலைக் காட்டினால் அவர் சுவரைப் பிரிப்பாரேயன்றி, குண்டைக் குறை சொல்லமாட்டார். படிக்காத அவர் அறிந்ததைப் படிக்க வந்த நான் மறந்தேனே!

வூ தாசெங் சூட்டிய பெயர்கள் சில வீழ்ந்தன. அளந்து பார்க்கும் அவர் வழி வீழவில்லை. நூலை மதிப்போம், எனினும் பொருளையே சான்றாகக் கொள்வோம். இவ்வாண்டு என் பதிவேட்டில் ஒத்துவராத அளவுகளும் அப்படியே இருக்கின்றன.