கிறிஸ்துமஸ் தாத்தாவின் நிஜப் பேர் நிக்கோலஸ்

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு சொந்த ஊர் எது? பனி கொட்டுற வடதுருவம்னுதான் எல்லாரும் சொல்வீங்க. அது கிடையாது. அவர் பிறந்தது நல்லா வெயில் அடிக்கிற ஒரு கடற்கரை ஊரில். பதாரா என்று பேர். இன்றைக்கு அந்த இடம் துருக்கி நாட்டில் இருக்கிறது.

நிக்கோலஸ் கி.பி. 270 வாக்கில் பிறந்தார் என்று சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஜனங்கள் பல நூறு வருஷம் வாய்க்கு வாய் சொல்லி, அப்புறம்தான் விரிவாக எழுதி வைத்தார்கள். அந்தக் கதைகளில் வருகிறபடிதான் நானும் இங்கே எழுதுகிறேன்.

அப்பா அம்மா பெரிய பணக்காரர்கள். இவர் இளவயசாக இருக்கும்போதே இரண்டு பேரும் இறந்துபோக, சொத்து முழுவதும் இவர் கைக்கு வந்தது. அந்தச் சொத்தை வைத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

அதே ஊரில் ஒருத்தர் நன்றாக வாழ்ந்து நொடிச்சுப் போனவர். அவருக்கு மூன்று பெண்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரிலும் வரதட்சணை இருந்தது! சீதனம் கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது. சாப்பாட்டுக்கே வழி இல்லாதவர் மூன்று பேருக்கு எங்கே போவார்? கடைசியில் மனசு கெட்டு, பெண்களை விற்றுவிடுகிற நிலைமைக்கே வந்துவிட்டார். இது நிக்கோலஸ் காதுக்கு எட்டியது. நேரே போய்க் கொடுத்தால் அந்த மனுஷன் கூசிப்போவார், ஊரும் பேசும். அதனால் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு பையில் பொற்காசு கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் அதே மாதிரி ஒரு பை. மூன்றாவது தடவை அந்த அப்பா தூங்காமல் காத்திருந்து, துரத்திப் போய் ஆளைக் கண்டுபிடித்து காலில் விழுந்தாராம். நான் சாகும் வரைக்கும் இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று நிக்கோலஸ் சத்தியம் வாங்கிக்கொண்டார். (அப்படியும் கதை நம்ம பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது!)

இதைப் படிக்கும்போது எனக்கு சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. தங்கம் கொடுத்தவர் பேரை 1,600 வருஷத்துக்கு மேல் உலகமே சொல்லுது. அந்த மூன்று அக்கா தங்கச்சிகளின் பேரை அந்தக் கதையில் யாரும் எழுதி வைக்கவில்லை. தங்கம் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நம்ம நாட்டில் 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தை மாசம் பிறந்தால் அடகுக்கடை வாசலில் நிற்கிற அம்மாக்களைப் பார்த்தால் தெரியும். இன்னொரு வேடிக்கை, ஐரோப்பாவில் அடகு பிடிக்கிறவர்களுக்கும் இந்த நிக்கோலஸ்தான் பாதுகாவலர்.

அப்புறம் அவர் மீரா என்ற ஊருக்கு பிஷப் ஆனார். இப்போது அந்த ஊர் பேர் தெம்ரே. தக்காளி நிறைய விளைகிற ஊர். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 303-ல் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது இவரும் சிறைக்குப் போனதாகச் சொல்வார்கள். 343-ஆம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி இறந்தார் என்பது வழிவழியாக வருகிற கணக்கு. 1087-ல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் வந்து, கல்லறையை உடைத்து எலும்புகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புனிதர் என்றாலும் திருட்டு திருட்டுதானே!

ஆனால் அதற்குப் பிறகு அவர் பேர் ஐரோப்பா முழுக்க இன்னும் பரவியது. கதையும் வளர்ந்தது. ஜன்னல் பூட்டி இருந்ததால் புகைபோக்கி வழியாகப் போட்டார், காசு காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்தது என்று சேர்த்துச் சொன்னார்கள். பிள்ளைகள் காலுறை தொங்கவிடுகிற பழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நெதர்லாந்து பிள்ளைகள் ராத்திரி ஒரு ஷூவை எடுத்து வைத்து, அதில் வைக்கோலோ கேரட்டோ போடுவார்கள். தாத்தாவுக்கு இல்லை, அவர் ஏறி வருகிற வெள்ளைக் குதிரைக்கு! காலையில் பார்த்தால் ஷூவில் மசாலா பிஸ்கட்டும் தங்கக் காகிதம் சுற்றின சாக்லெட் காசும் இருக்கும். டிசம்பர் 5 சாயங்காலம்தான் அங்கே பெரிய பரிசு நாள். ஜெர்மனியில் அதே ராத்திரி பூட்சைப் பளபளவென்று துடைத்து வாசலில் வைக்கணும். செக் நாட்டில் நிக்கோலஸ் வேஷக்காரரோடு ஒரு தேவதையும் ஒரு பிசாசும் சங்கிலியை ஆட்டிக்கொண்டு தெருவில் வரும். பிள்ளைகள் பாட்டோ கவிதையோ சொன்னால் மிட்டாய், சேட்டை பண்ணினவனுக்கு உருளைக்கிழங்கு அல்லது கரித்துண்டு. நம்ம வகுப்பில் பாதிப் பேருக்குக் கரிதான்! சில ஊர்களில் ஆரஞ்சுப் பழம் வைப்பார்கள், அது அந்தப் பொன் உருண்டைக்கு அடையாளமாம்.

டச்சுக்காரர்கள் இவரை சின்டர்கிளாஸ் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பேர் அவர்களோடு கப்பல் ஏறி அமெரிக்காவின் நியூயார்க்குக்குப் போய் சாண்டாகிளாஸ் ஆனது. 1823-ல் வந்த ஒரு கவிதையில் எட்டு கலைமான் பூட்டின வண்டி கிடைத்தது. 1863-லிருந்து தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் குண்டுத் தாத்தாவாக வரைந்தார். இப்படித்தான் டிசம்பர் 6 ஆசாமி 25-ந் தேதிக்கு வந்து சேர்ந்தார்.

1950-களில் பாரி கோயிலில் வேலை நடந்தபோது அந்த எலும்புகளை வெளியே எடுத்து அளந்து பார்த்தார்கள். அந்த அளவுகளை வைத்து 2004-ல் இங்கிலாந்தில் அவர் முகத்தை கம்ப்யூட்டரில் செய்தார்கள். வயசான ஒருத்தர், மாநிற முகம், மூக்கு ஒரு காலத்தில் உடைந்து கோணலாகக் கூடியிருக்கிறது. இதுவரை நான் பார்த்த எந்த கிறிஸ்துமஸ் கார்டிலும் அந்த மூக்கு இல்லை.