பாலுக்கு முன்னாடி ஒயின்: பழைய பாட்டிலின் ரகசியத்தைத் தேடிய பாஸ்டியர்

பால் பாக்கெட்டில் பாஸ்டுரைஸ்டு என்ற வார்த்தையை அடிக்கடி பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குக் காரணமானவர் லூயி பாஸ்டியர். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தந்தவர். குன்னூரில் 1907-ல் தொடங்கப்பட்ட ஆய்வகம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஆனால், அந்த முறையை அவர் முதலில் உருவாக்கியது பாலுக்காக அல்ல, ஒயினுக்காக!

சரி, ஒரு விஞ்ஞானிக்கு ஒயினில் என்ன வேலை?

தோல் பதனிடுபவரின் மகன்

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் நகரில் பிறந்தார் பாஸ்டியர். அப்பா, நெப்போலியனின் படையில் இருந்துவிட்டு வந்து தோல் பதனிடும் தொழில் செய்தவர். பாஸ்டியர் வளர்ந்தது திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அர்புவா என்ற சிற்றூரில். தோலைப் பதனிட உதவும் டானின் வகைப் பொருட்கள்தான் ரெட் ஒயினுக்கும் துவர்ப்பைத் தருகின்றன. அந்த வகையில் இரண்டு தொழில்களும் தூரத்துச் சொந்தம்.

அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பும் ஒயினோடு தொடர்புடையதுதான். ஒயின் பீப்பாயின் உட்பக்கம் படியும் உப்பிலிருந்து டார்டாரிக் அமிலம் கிடைக்கும். 1848-ல், 25 வயசில், இந்த அமில உப்பின் ஒரு வகையில் வலது கை, இடது கை மாதிரி இரண்டு விதப் படிகங்கள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பழைய ஒயின் பாட்டிலின் அடியிலோ கார்க்கிலோ மின்னும் துகள்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கண்ணாடித் தூள் இல்லை, இதே அமிலத்தின் உப்புதான்.

பேரரசர் கேட்ட உதவி

1860-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டது பிரான்ஸ். ஒயின் ஏற்றுமதிக்குக் கதவு திறந்தது. ஆனால், போகிற வழியிலேயே ஒயின் கெட்டுப்போனது. சில ஒயின் புளித்தது, சில எண்ணெய் மாதிரி வழவழத்தது. பத்திரமாக வைத்திருந்த உயர்தர பர்கண்டி ஒயின்கூட வயசாக ஆக கசந்துபோனது. இதற்கு வழி கண்டுபிடிக்கும்படி 1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டியரைக் கேட்டுக்கொண்டார்.

அர்புவாவிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, கெட்டுப்போன ஒயினை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கெடும் விதத்துக்கு ஏற்ப வேறு வேறு நுண்ணுயிரிகள் இருந்தன. தீர்வு எளிமையானது. காற்றுப் புகாமல் மூடி, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். 1865-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், அதை வைத்துக் காசு பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார்.

நாக்கை நம்பலாமா?

சூடாக்கினால் ருசி போய்விடும் என்று வியாபாரிகள் சந்தேகப்பட்டார்கள். அனுபவசாலிகளான ருசி பார்ப்பவர்களை அழைத்து, சூடாக்கிய ஒயினையும் சூடாக்காததையும் கொடுத்துப் பார்த்தார்கள். பல ஒயின்களில் வித்தியாசம் மிகக் குறைவு. இதில் கற்பனைக்கும் பங்கு இருக்கிறதோ என்று பாஸ்டியருக்குச் சந்தேகம் வந்தது. ஒரே ஒயினை, சொல்லாமல், இரண்டு கிளாஸில் கொடுக்க வைத்தார். அதிலும் அவர்கள் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள்!

லேபிளை மறைத்து ருசி பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வயசு ஏறுவது எப்படி?

அடுத்த கேள்வி: கெடாத ஒயின் ஏன் வருஷம் போகப் போக மாறுகிறது? பாஸ்டியர் சில கண்ணாடிக் குழாய்களை ஒயினால் முழுக்க நிரப்பி மூடினார். சிலவற்றில் பாதி ஒயின், பாதி காற்று. முழுக்க நிரப்பியவை பெரிதாக மாறவில்லை. காற்று இருந்தவற்றில் நிறம் மங்கி, அடியில் வண்டல் படிந்து, பழைய ஒயினின் ருசி வந்தது. ஒயினுக்கு வயசைக் கூட்டுவது ஆக்ஸிஜன்தான் என்ற முடிவுக்கு வந்தார். இந்த ஆய்வுகள் 1866-ல் புத்தகமாக வந்தன.

பீப்பாயில் மெல்ல மெல்ல நுழையும் காற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால், நன்றாக மூடிய பாட்டிலுக்குள் முதிர்ச்சிக்கு மிகச் சிறிதளவு ஆக்ஸிஜனே போதும் என்று 20-ம் நூற்றாண்டு ஆய்வுகள் திருத்தின. நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக இறங்குகிறது. துவர்ப்பும் மெதுவாக அடங்குகிறது.

தயாரா, இல்லையா?

இன்று ருசி பார்ப்பவர்கள் தேடும் அடையாளங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான்:

• கிளாஸைச் சாய்த்தால் ஓரம் ஊதாவாக இருக்கிறதா? இன்னும் இளசு. செங்கல் நிறமா? முதிர்ந்து வருகிறது. முழுக்கப் பழுப்பா? அநேகமாகக் காலம் கடந்துவிட்டது.

• பழ வாசனை குறைந்து, காய்ந்த இலை, தோல், காளான் வாசனை எழுந்தால் முதிர்ச்சி. வினிகர் நெடி அடித்தால் கெட்டுவிட்டது.

• ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு இருந்தால் காத்திருக்கலாம். துவர்ப்பும் பழச்சுவையும் சேர்ந்தே காணாமல் போயிருந்தால் தாமதம்.

சொந்த வாழ்க்கையில் இழப்புகள்

இந்த ஆய்வுகள் நடந்த காலம் அவருக்கு நிம்மதியானது அல்ல. 1859-ல் மூத்த மகள் இறந்திருந்தார். 1865-ல் அப்பாவும் ஒரு மகளும், 1866-ல் இன்னொரு மகளும் போனார்கள். 1868-ல் பக்கவாதம் வந்து உடலின் இடது பக்கம் பாதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 45 வயசு. அதற்குப் பிறகும் ஓயவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காப்பாற்றியதெல்லாம் இதற்கு அப்புறம்தான். 1895 செப்டம்பர் 28-ல் மறைந்தார்.

இன்று உயர்தர ரெட் ஒயினைப் பெரும்பாலும் யாரும் சூடாக்குவதில்லை. சுத்தமும் வேறு பாதுகாப்பு முறைகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அவருடைய பெயர் பால் பாக்கெட்டில் தங்கிவிட்டது.