இரட்டை நட்சத்திரம் கண்ட ரிஷோ சுவாமியார்

வைகாசி மாத இரவில், மணி பத்து அடித்த பிறகு, நெய்வேலியின் மின்விளக்குகள் மறைக்காத ஓரிடத்தில் நின்று தென்திசையை நோக்குங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே பொன்னிறமாய் ஒளிர்வது ஆல்பா சென்டாரி. கண்ணுக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. அதை முதலில் கண்டவர் நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில் வசித்த சேசுசபைக் குரு ஒருவர்.

ழான் ரிஷோ சுவாமியார் 1633-ல் பிரான்சில் பிறந்தார். 1687-ல், 14-ஆம் லூயி மன்னர் அனுப்பிய குருக்களோடு சீயம் தேசம் சென்றார். மறுவருஷமே அங்கே கலகம் மூண்டது. வானசாஸ்திரத்தை ஆதரித்த நாராய் அரசரும் இறந்தார். சுவாமியார் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேறொருவராயின் தொலைநோக்கியை மூட்டை கட்டியிருப்பார்! அவரோ 1689 டிசம்பரில் வால்நட்சத்திரமொன்றை ஆராய்கையில் இந்த ஜோடியைக் கண்டுபிடித்தார். 1693-ல் காலமானார்.

இரண்டாயிருந்தால் என்ன என்கிறீர்களா? ஒன்றையொன்று சுற்றும் ஜோடியை நாம் நிறுத்துப் பார்க்கலாம். அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கருங்கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நெருங்கினால் அவை நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். அதைக்கொண்டு வேகத்தையும், இரண்டின் வேகத்தைக்கொண்டு எடையையும் கணக்கிடுகிறார்கள். பாதையின் சாய்வும் தெரியவேண்டும். அல்கோல் போல ஒன்றையொன்று மறைக்கும் ஜோடிகளில் அந்த மறைப்பே சாய்வைக் காட்டிக்கொடுக்கும். சுவாமியார் கண்ட ஜோடி அப்படி மறைப்பதில்லை. ஆனால் தொலைநோக்கியில் தனித்தனியே தெரிவதால் சாய்வை நேராகவே அளந்துவிட்டார்கள். பெரியது ஏறக்குறைய 1.1 சூரிய எடை, சிறியது 0.9.

ஒரு சுற்றுக்குச் சுமார் 80 வருஷம். சுவாமியார் பார்த்த நாள் முதல் இன்றுவரை நான்கு சுற்றுகளே முடிந்திருக்கின்றன.