அலுமினியத்துக்குப் பேர் வைத்த டேவி

ஒரு அலுமினிய காஸ்டிங் நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பித்தளை புஷ் அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். ஓரத்தில் ரெண்டு ஸ்டீல் இன்சர்ட். டிராயிங்கில் அனோடைசிங் செய்யச் சொல்லியிருக்கிறது. அப்படியே ஆசிட் டேங்கில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், 1824-இல் இங்கிலாந்துப் போர்க்கப்பல்களின் அடிப்பக்கத்தை ஆராய்ந்த ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் சர் ஹம்ப்ரி டேவி. ஸ்கூலில் சுரங்க விளக்கோடு சேர்த்துப் படித்தோமே, அதே டேவி.

டேவி பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. கார்ன்வால் பகுதியில் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் 1778 டிசம்பர் 17-ஆம் தேதி பிறந்தார். அப்பா மரச்சிற்ப வேலை செய்தவர். 1794-இல் அவர் காலமானபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். அடுத்த வருஷம் பையனை உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார்கள். காலேஜும் கிடையாது, டிகிரியும் கிடையாது. லவாய்சியரின் புத்தகத்தைத் தானே படித்து, கையில் கிடைத்த சாமான்களை வைத்துக்கொண்டு சோதனை செய்தார். டிப்ளமோ ஆசாமிகளான நமக்கு இதைக் கேட்டாலே கொஞ்சம் தெம்பு வருகிறது அல்லவா!

1798-இல் பிரிஸ்டலுக்குப் போய் வாயுக்களை ஆராய்ந்தார். நைட்ரஸ் ஆக்சைடு என்கிற சிரிப்பு வாயுவைத் தானே முகர்ந்து பார்த்து எழுதிவைத்தார். 1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் வோல்டாவின் மின்கலம் உலகத்துக்குத் தெரிய வந்திருந்தது. டேவி அதைப் பிடித்துக்கொண்டார். 1807-இல் உருகிய காரப் பொருட்களில் மின்சாரத்தைச் செலுத்தி பொட்டாசியம், சோடியம் இரண்டையும் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷம் கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம்.

அலுமினாவுக்குள்ளும் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கு 1808-இல் ஒரு பேரும் வைத்தார். முதலில் அலுமியம், பிறகு 1812-இல் எழுதிய புத்தகத்தில் அலுமினம். கடைசியில் அலுமினியம் என்று நிலைத்தது. பேர் வைத்தாரே தவிர, தனி உலோகமாக அதைப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1825-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட்தான் கொஞ்சம் எடுத்துக் காட்டினார்.

சர் பட்டம் 1812-இல் வந்தது. 1813-இல் மைக்கேல் ஃபாரடே என்ற புக் பைண்டிங் பையனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். 1815-இல் சுரங்க விளக்கு. அதற்குப் பேட்டன்ட் வாங்க மறுத்துவிட்டார். தங்கமான மனுஷன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே ஃபாரடேயை 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்க முயன்றபோது, தலைவர் நாற்காலியில் இருந்துகொண்டு எதிர்த்தவரும் டேவிதான்.

இனி கப்பல் கதை. அந்தக் காலத்துக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. கப்பல் புழு மரத்தைக் குடைந்துவிடும் என்பதால் அடிப்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு போர்த்துவார்கள். ஆனால் உப்புத் தண்ணீரில் செம்பும் அரித்துப் போயிற்று. செம்பில் கலப்படமோ என்று கடற்படைக்குச் சந்தேகம். 1823-இல் ராயல் சொசைட்டியிடம் கேட்டார்கள். கடல் நீரும் அதில் கரைந்திருக்கும் காற்றும் சேர்ந்துதான் செம்பைத் தின்கின்றன என்று டேவி கண்டார். அதைத் தடுக்க அவர் எடுத்த வழிதான் அபாரம். செம்பின் மேல் பெயின்ட் அடிக்கவில்லை, முலாம் பூசவில்லை. செம்பைத் தொட்டபடி ஒரு துண்டு துத்தநாகம் அல்லது இரும்பை வைத்தார். அவ்வளவுதான்!

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் அதுவே ஒரு செல். வீரியம் அதிகமான உலோகம் ஆனோடாகிக் கரையும். மற்றது கேத்தோடாகித் தப்பிக்கும். எவ்வளவு இரும்பு போதும் என்பதையும் டேவி அளந்தார். செம்பின் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு முதல் நூற்றைம்பதில் ஒரு பங்கு வரை இருந்தாலே செம்பு அரிக்கவில்லை. இந்தப் பரப்பு விகிதத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1824-இல் சமராங் என்ற போர்க்கப்பலின் அடியில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்தினார்கள். அந்தக் கப்பல் கட்டப்பட்டது நம்ம பக்கத்துக் கொச்சியில்! சொன்னபடியே செம்பு அரிக்கவில்லை. ஆனால் அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசும் பாசியும் மொய்த்துவிட்டன, கப்பல்களின் வேகம் குறைந்தது. காரணம் என்ன தெரியுமா? செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்த விஷம்தான் அதுவரை அந்த உயிர்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவதை நிறுத்தியதும் விஷமும் நின்றுவிட்டது. 1825-இல் கடற்படை இரும்புத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது.

ஊர் சிரித்தது. டேவி நொந்துபோனார். 1826 கடைசியில் பக்கவாதம் தாக்கியது, 1827-இல் தலைவர் பதவியை விட்டார், 1829 மே 29-இல் ஜெனீவாவில் இறந்தார். வயது ஐம்பதுதான். என்னைக் கேட்டால், அவருடைய தத்துவத்தில் ஒரு குறையும் இல்லை. தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. பின்னாளில் இரும்புக் கப்பல்கள் வந்தபோது அதே துத்தநாகத் துண்டு அவற்றின் அடியில் ஏறியது, இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது நம்ம காஸ்டிங்குக்கு வருவோம். உலோக வரிசையில் அலுமினியம் இரும்புக்கும் பித்தளைக்கும் மேலே இருக்கிறது. அதாவது, டேவியின் கப்பலில் இரும்பு செய்த வேலையை இங்கே அலுமினியம் செய்யும்: தான் கரைந்து புஷ்ஷைக் காப்பாற்றும். நமக்குத் தேவை நேர்மாறு!

அதனால்தான் மேல்பூச்சு தேவைப்படுகிறது. ஆனால் அனோடைசிங் டேங்கில் நிலைமை தலைகீழ். கந்தக அமிலத்தில் மின்சாரம் பாயும்போது அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். பித்தளையிலும் சாதா ஸ்டீலிலும் அப்படிப் படலம் வராது. மின்சாரம் முழுக்க அந்தப் பக்கமே ஓடும். புஷ் கரையும், ஆசிட்டில் செம்பு கலந்து கெடும், அலுமினியத்தில் பூச்சு ஒழுங்காக ஏறாது.

குரோமேட் முக்கலில் மின்சாரம் கிடையாது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். முன்னால் கழுவும் நைட்ரிக் ஆசிட் பித்தளையைக் கரைக்கும், அந்தச் செம்பு அலுமினியத்தின் மேல் கறுப்பாகப் படியும். புஷ்ஷை ஒட்டிய இடத்தில் படலம் திட்டுத் திட்டாக வரும். இடுக்கில் மாட்டிய ஆசிட் பிற்பாடு கசியும். (ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. கையுறை இல்லாமல் டேங்க் பக்கம் போகவே கூடாது.)

பரப்பு விகிதம் என்றேனே, அது இங்கேதான். அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துப் பித்தளையைத் திறந்துவிட்டால், பெயின்டில் விழும் சின்னக் கீறல்தான் மொத்த ஆனோடு. பெரிய கேத்தோடு அந்தக் கீறலில் குழி பறித்துவிடும். ஆகவே இரண்டுக்கும் பெயின்ட் வேண்டும். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் பித்தளைக்கு அடிப்பது மேல்.

புஷ் முன்கூட்டியே ஏறிவிட்டிருந்தால் அதை மாஸ்கிங் லாக்கர், டேப் வைத்து மூடித்தான் டேங்கில் இறக்க வேண்டும். ஓரத்தில் துளி இடைவெளி விட்டாலும் ஆசிட் நுழைந்துவிடும். நல்ல ஷாப்பில் முதலில் காஸ்டிங்குக்குப் பூச்சு போட்டுவிடுவார்கள். பூச்சு ஏறினால் துளையின் அளவு குறையும், அதையும் கணக்குப் பார்த்தே ரீமர் போட்டிருப்பார்கள். பிறகு துளைக்குள் பிரைமர் தடவி, அது காய்வதற்கு முன்பே புஷ்ஷை ஈரத்தோடு அழுத்தி ஏற்றுவார்கள். பிதுங்கி வரும் பிரைமரைச் சுற்றிலும் துடைத்துவிட்டால், இரண்டு உலோகத்துக்கும் நடுவே தண்ணீர் புக வழியில்லை.