காந்தியிடமே கேள்வி கேட்ட கடிதம்: பொன்மலை மறக்கக்கூடாத சிங்காரவேலர்

ஒரு தலைவர் சொல்வதில் உடன்பாடு இல்லைன்னா இன்னைக்கு என்ன செய்றோம்? போனை எடுத்து நாலு வரி தட்டிவிடுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி அதற்கு இருந்த ஒரு வழி, செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதுவது. அப்படி எழுதியவர்தான் ம.சிங்காரவேலர். கடிதம் யாருக்கு? காந்திக்கு!

யார் இவர்?

1860 பிப்ரவரி 18-ல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். தொழில், வக்கீல். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தை ஆதரித்து, தன் வக்கீல் கவுனைப் பொதுக்கூட்டத்தில் எரித்துவிட்டு கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 61.

கடிதத்தில் என்ன கேட்டார்?

1921 மே மாதம் 'தி இந்து' நாளிதழில் அவருடைய திறந்த கடிதம் வெளியானது. நாடே காந்தியின் பின்னால் திரண்டிருந்த நேரம் அது. சிங்காரவேலரும் காங்கிரஸ்காரர்தான். ஆனாலும் ஒரு சந்தேகத்தை வெளிப்படையாகவே கேட்டார். வெள்ளைக்காரர் எழுந்துபோன நாற்காலியில் நம்மூர் முதலாளி உட்கார்ந்தால், ஏழைத் தொழிலாளிக்கு அது எப்படி சுயராஜ்யம் ஆகும்? அவர் கேட்டதன் சாரம் இதுதான்.

கேள்வியோடு நிறுத்தவில்லை. நிலமும் முக்கியத் தொழில்களும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று தன் தரப்பையும் சொன்னார். மொட்டைக் கடிதம் இல்லை. சொந்தப் பெயரில், எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதினார்.

அதன்பிறகு?

கடிதம் எழுதியவர் பத்திரிகையே தொடங்கினார். 1923-ல் தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெசட்'. அதே ஆண்டு மே 1-ல் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

பொன்மலைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினத்தில் இருந்த தன் பணிமனையை 1920-களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்கு மாற்றியது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றுக்கே ஆபத்து. 1928 ஜூலையில் ரயில்வே ஸ்டிரைக் வெடித்தது. 68 வயதில் சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார்.

இந்த முறை விலை அதிகம். ஸ்டிரைக் சில நாட்களிலேயே ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 18 மாதமாகக் குறைந்தது. 1930-ல் வெளியே வந்தவர் ஓயவில்லை. 'குடி அரசு' இதழில் பகுத்தறிவு, அறிவியல், பொதுவுடைமை என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

கேள்வி முடிந்ததா?

1946 பிப்ரவரி 11-ல் சிங்காரவேலர் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 5. பொன்மலை சங்கத்திடலில் கூடியிருந்த ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 5 பேர் இறந்தார்கள். பொன்மலையில் இன்றும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

சுதந்திரத்துக்கு அப்போது முழுசா ஒரு வருஷம்கூட பாக்கி இல்லை. வரப்போகும் சுயராஜ்யம் யாருக்கு என்று 1921-ல் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டது ஏன் என்பது, அன்று சங்கத்திடலில் நின்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.